24 வோல்ட் சால்டரிங் ஸ்டேஷனில் 12 வோல்ட் டிப்: பாதி இல்லை, கால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பழுது பார்க்கும் மேசைக்குக் கைப்பேசி மட்டும் வருவதில்லை. இடி இடித்த மறுநாள் ஆட்டோகேட் (தானாகத் திறக்கும் வாசல் கேட்) போர்டுகள் வரிசை கட்டும். மருந்தடிக்கும் பேட்டரி பம்பு, அதன் சார்ஜர், அஸ்ட்ரோ டிவி பெட்டி, லயத்து வீட்டு ரைஸ் குக்கர் எல்லாம் ஒரே மேசைக்குத்தான். ஆட்டோகேட் போர்டில் ரிலே காலைக் கழற்ற அகலமான சால்டரிங் டிப்பும் (ஈயத்தை உருக்கும் சூடான முனை) நிறைய சூடும் வேண்டும். அடுத்த அரை மணியில் கைப்பேசி சார்ஜிங் போர்ட்டுக்கு ஊசி மாதிரி டிப் வேண்டும். முதல் வேலைக்கு டி12 என்ற வகை டிப் போதும். அது 24 வோல்ட், சுமார் 8 ஓம். மெல்லிய வேலைக்குக் கையடக்கமான 12 வோல்ட் டிப்புகள் அருமையாக இருக்கும். வெல்லரின் ஆர்டி வகையைப் போல 3.5 மில்லிமீட்டர் ஜாக் தலையோடு வருபவை அவை, சுமார் 2.5 ஓம். இரண்டையும் ஒரே டி12 ஸ்டேஷனில் (டிப்புக்குக் கரண்டு கொடுத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) ஓட்டுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு கணக்கு. இதில் தவறுகிறவர்கள்தான் அதிகம், டிப்பும் இதில்தான் போகிறது. வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட். டி12 டிப்புக்கு 24 வோல்ட் கொடுத்தால் 576 வகுத்தல் 8, அதாவது 72 வாட், 3 ஆம்பியர். 2.5 ஓம் டிப்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் 144 வகுத்தல் 2.5, அதாவது கிட்டத்தட்ட 58 வாட், 4.8 ஆம்பியர். அதே டிப்பில் 24 வோல்ட் பாய்ந்தால் 230 வாட், 9.6 ஆம்பியர். வோல்டேஜ் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு.

"24-க்குப் பாதிதானே 12, பிடபிள்யூஎம்மை 50 சதவீதத்தில் நிறுத்தினால் போச்சு" என்று (பிடபிள்யூஎம் என்பது கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரியைக் குறைக்கும் முறை) செய்துவிட்டு, "அண்ணே, டிப் சிவந்து போச்சு" என்று கொண்டுவருகிறார்கள். 50 சதவீதத்தில் 115 வாட் பாய்கிறது. சரியான அளவு 25 சதவீதம். அந்தக் கால் பங்கிலும் ஆன் ஆகும் ஒவ்வொரு கணமும் 9.6 ஆம்பியர் இழுக்கும். சந்தையில் கிடைக்கும் டி12 பெட்டிகளில் இருப்பது 24 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை. அது மூச்சுத் திணறி நின்று நின்று எழும், திரை அணைந்து அணைந்து எரியும். பெரிய சப்ளை போட்டால் அந்தக் குறை போகும், ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து அப்படியே இருக்கும்: மாஸ்ஃபெட் (டிப்புக்குக் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) ஷார்ட் ஆனாலோ மென்பொருள் ஒரு நொடி உறைந்தாலோ 230 வாட்டும் நேராக டிப்புக்குள். மெல்லிய டிப் சில நொடிகளில் செத்துவிடும். அதனால் 12 வோல்ட் டிப்புக்கு 24 வோல்ட் எந்த வழியிலும் போய்ச் சேரக் கூடாது. இனி வரும் எல்லாமே இந்த ஒரு விதிக்காகத்தான்.

தொடரில் ஒரு வாட் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்கும் யோசனையும் உண்டு. டிப்புக்குப் போகும் அதே 58 வாட் அந்த ரெசிஸ்டரிலும் வீணாகும். பெட்டிக்குள் இன்னொரு அடுப்பு எதற்கு?

பழைய 936 வகை டிரான்ஸ்பார்மர் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் டிரையாக் தான் சுவிட்ச். நான்கில் ஒரு முழு அலையை, அதாவது 80 மில்லி செகண்டில் 20 மில்லி செகண்டை விட்டால் கால் பங்கு கிடைக்கும். அரை அலையாக வெட்டினால் டிரான்ஸ்பார்மரில் டிசி ஏறி முனகும், சூடாகும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றாலும் 10 சதவீதம் வரை ஏறலாம். 253 வோல்ட் வரும்போது அந்த 24 வோல்ட் 26.4 ஆகிவிடும், வாட் 21 சதவீதம் கூடும். அந்த வகைப் பெட்டியில் இந்த மாற்றம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். டிப்பின் ஓமைச் சரியாக அளப்பதுதான் தொடக்கம். மல்டிமீட்டர் கம்பிகளுக்கே 0.2 முதல் 0.5 ஓம் வரை இருக்கும். 8 ஓமில் அது பெரிதாகத் தெரியாது, 2.5 ஓமில் கணக்கையே கவிழ்க்கும். பெஞ்ச் சப்ளையை 1 ஆம்பியரில் கட்டிப்போட்டு டிப்பில் இணையுங்கள். டிப்பின் காலிலேயே மீட்டரை வைத்துப் படித்தால் எத்தனை வோல்ட்டோ அத்தனை ஓம். மூன்று நொடிக்குள் படித்துவிடுங்கள், அதற்குமேல் டிப் சூடாகி எண் நகரும்.

12 வோல்ட்டை உண்டாக்க எக்ஸ்எல்4016 சிப் உள்ள பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும்) மாட்யூல் போதும். ஈப்போ கடைகளிலோ ஷாப்பி இணையக் கடையிலோ கிடைக்கும். 8 ஆம்பியர் என்று போட்டிருப்பார்கள். விசிறி இல்லாமல் 5 ஆம்பியர்தான் நம்பலாம். நமக்கு வேண்டியது 4.8, அதுவும் சூடேறும் சில நொடிகளுக்கு மட்டும். 58 வாட் கொடுக்க அது 24 வோல்ட் பக்கம் இழுப்பது சுமார் 2.7 ஆம்பியர், பழைய சப்ளையே தாங்கும்.

மாட்யூலில் உள்ள நீல நிற டிரிம்மரை மட்டும் கழற்றி எறியுங்கள். அதன் நகரும் தொடுமுனை நம் ஊர் ஈரத்தில் ஒருநாள் தொடர்பு விட்டுப்போனால் சிப்புக்கு அளவு தெரியாமல் 24 வோல்ட்டையும் அப்படியே வெளியே தள்ளும். பதிலாக நிலையான ரெசிஸ்டர்: கீழே 1 கிலோ ஓம், மேலே 8.2 கிலோ ஓமும் 390 ஓமும் தொடரில். சிப்பின் ஒப்பீட்டு வோல்டேஜ் 1.25 என்பதால் வெளியே 12.0 வரும். அப்படியும் சிப்பின் உள் சுவிட்ச் ஷார்ட் ஆனால் 24 வரத்தான் செய்யும். அதற்கு 12 வோல்ட் கம்பியில் 7.5 ஆம்பியர் கார் பிளேட் ஃபியூஸ், அதற்கடுத்து மைனஸுக்கு ஒரு 1.5கேஇ15ஏ டிவிஎஸ் டையோடு. 15 வோல்ட்டைத் தொட்டதும் டிவிஎஸ் கடத்தும், தாங்க முடியாமல் போனால் தானே ஷார்ட் ஆகி வோல்டேஜைக் கீழே இழுத்துவிடும். அப்போது ஃபியூஸ் போகும், இல்லையேல் சப்ளை தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். சாவது டிவிஎஸ், டிப் பிழைக்கும்.

மாஸ்ஃபெட்டும் அதன் கேட்டும்

இந்த இடம்தான் நிறைய பேரை மணிக்கணக்கில் உட்கார வைக்கிறது. பெரும்பாலான டி12 போர்டுகளில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட் மேல் பக்கம் உட்கார்ந்திருக்கும். அதன் சோர்ஸ் (கரண்டு நுழையும் கால்) 24 வோல்ட்டில், டிரெயின் (வெளியேறும் கால்) டிப்பில், கேட் அதைத் திறந்து மூடும் கால். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம், கேட்டிலிருந்து கீழே ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இன்னொரு 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போர்டில் எண் வேறாக இருக்கலாம், மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் கேட்டுக்கு 12 வோல்ட் வித்தியாசம் கிடைக்கிறது, நல்லது. சோர்ஸை 12-க்கு மாற்றினால் கிடைப்பது 6 வோல்ட்தான். மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து, டிப்புக்குப் போக வேண்டிய சூட்டைத் தானே தின்னும்.

கீழ் ரெசிஸ்டரை 2.2 கிலோ ஓமாக மாற்றுங்கள். 12 வோல்ட்டில் 9.8 வோல்ட் கிடைக்கும். ஆனால் 24-க்குத் திரும்பும்போது அது 19.7 ஆகிவிடும். இந்த மாஸ்ஃபெட்டுகளின் எல்லையே 20. அதனால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே ஒரு 12 வோல்ட் ஜீனர் (12-க்கு மேல் ஏறவிடாத டையோடு), அதன் கோடு போட்ட முனை சோர்ஸ் பக்கம். இப்போது இரண்டு வோல்டேஜிலும் கேட் நிம்மதியாக இருக்கும்.

மாஸ்ஃபெட்டையும் பாருங்கள். ஐஆர்எஃப்9540என் என்றால் அதன் உள் தடை 0.117 ஓம், 4.8 ஆம்பியரில் 2.7 வாட் சூடு. ஐஆர்எஃப்4905 போட்டால் 0.02 ஓம், அரை வாட் கூட வராது. கால் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

அடுத்து, சோர்ஸ் காலைப் போர்டின் பழைய தடத்திலிருந்து பிரித்துத் தனிக் கம்பியில் வெளியே கொண்டுவர வேண்டும். பிரிக்கும்போது கேட்டின் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சோர்ஸோடு சேர்ந்தே வர வேண்டும். அது பழைய 24 வோல்ட் தடத்திலேயே தங்கி, சோர்ஸ் மட்டும் 12-க்குப் போனால் கேட்டுக்குக் கிடைப்பது 9.8-லிருந்து 7.7 வோல்ட்டாகக் குறையும்; கீழ் ரெசிஸ்டர் பழைய 10 கிலோ ஓமாகவே இருந்தால் மாஸ்ஃபெட் திறக்கவே திறக்காது. டிப் பச்சைத் தண்ணீராகக் கிடக்கும். தலைகீழாக, போர்டை 12-ல் ஓட்டி சோர்ஸை மட்டும் 24-க்குக் கொண்டுபோனால் அது அணையவே அணையாது. வெட்டிய தடத்தின் இரு பக்கமும் மீட்டரை வைத்து, ரெசிஸ்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

தேர்வு மனிதன் கையில் வேண்டாம்

முகப்பில் ஒரு டாகிள் சுவிட்ச் வைத்து "12" "24" என்று எழுதி ஒட்டுவது சுலபம். அவசரத்தில் மாற்ற மறப்பதும் அதே அளவு சுலபம். தேர்வை பிளக்கிடமே விட்டுவிடுங்கள். 24 வோல்ட் காயில் (கம்பிச் சுருள்) கொண்ட ஒரு ரிலே எடுங்கள். அதன் பொதுக் கால் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்கு. சும்மா இருக்கும்போது தொடும் கால் 12 வோல்ட்டுக்கு, இழுத்தால் தொடும் கால் 24 வோல்ட்டுக்கு. டி12 கைப்பிடியின் பிளக்கில் மட்டும் இரண்டு ஊசிகளை இணைத்து வையுங்கள், அந்த இணைப்பு வழியாகத்தான் ரிலே காயில் கரண்டு பெறும். 12 வோல்ட் கைப்பிடியின் பிளக்கில் அந்த இணைப்பு கிடையாது. இணைப்பு விட்டுப்போனாலும், ரிலேயின் காயில் எரிந்தாலும், கிடைப்பது 12 வோல்ட்தான். டி12 டிப் 18 வாட்டில் மெதுவாகச் சூடேறும், அவ்வளவுதான் கெடுதல். காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு மறக்காதீர்கள். பிளக்கை மாற்றும்போது ஸ்டேஷனை அணைத்திருக்க வேண்டும்.

டி12 பெட்டியில் வரும் ஜிஎக்ஸ்12 5 ஊசி பிளக் இதற்குப் போதாது. ஜிஎக்ஸ்16, 9 ஊசி வாங்குங்கள். பிளஸுக்கு 2, மைனஸுக்கு 2, எர்த்துக்கு 1, வெப்ப உணர்வுக் கம்பிக்கு 1, கைப்பிடியில் உள்ள என்டிசிக்கு (கைப்பிடியின் சூட்டை அளக்கும் ரெசிஸ்டர்) 1, ரிலே இணைப்புக்கு 2. ஒரு ஊசிக்கு 5 ஆம்பியருக்கு மேல் நம்பக் கூடாது என்பதால்தான் பிளஸும் மைனஸும் இரட்டையாக. கைப்பிடியை ஆட்டினால் விழிக்கும் சுவிட்சுக்கு இதில் இடமில்லை. ஸ்டாண்டில் ஒரு மைக்ரோ சுவிட்ச் வைத்துப் பெட்டிக்கு நேராகக் கொடுங்கள், அதுதான் நம்பகமும்.

ரிலே இணைப்புக்கு ஏன் 2 ஊசி? மைனஸ் ஊசியையே திரும்பும் வழியாக வைத்தால் ஒன்று மிச்சமாகுமே என்று தோன்றும். ரிலே காயில் 15 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஊசியின் தொடுதடை 10 மில்லி ஓம் என்றால் அங்கே 150 மைக்ரோ வோல்ட் உருவாகும். டி12 டிப்பில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவதே 20 மைக்ரோ வோல்ட் சுற்றித்தான். திரையில் 7 டிகிரி தவறு, அதுவும் பிளக் அழுக்காக அழுக்காக மாறிக்கொண்டே இருக்கும் தவறு. மிச்சம் பிடிக்கிற ஒரு ஊசிக்கு இது தகாது.

கைப்பிடிக் கம்பியையும் சும்மா விடக் கூடாது. 1.2 மீட்டர் நீளம், போய் வர 2.4 மீட்டர். 26 கேஜ் கம்பி என்றால் 0.32 ஓம். 8 ஓம் டி12-க்கு 92 சதவீத வாட் மிஞ்சும், 2.5 ஓம் டிப்புக்கு 79 சதவீதம்தான். 20 கேஜ் சிலிக்கான் கம்பியில் அது 94-க்கு ஏறும். வளைய வேண்டும் என்பதற்காக மெல்லிய கம்பி போட்டுவிட்டு டிப்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

டிப் சொல்லும் மில்லி வோல்ட்

டி12-ல் ஹீட்டரும் தெர்மோகப்பிளும் ஒரே தொடரில் இருக்கும். போர்டு சூட்டை நிறுத்திவிட்டு, அதே கம்பியில் மில்லி வோல்ட் படிக்கும். ஆகவே டி12 பிளக்கில் உணர்வு ஊசியைப் பிளஸோடு இணைத்துவிடுங்கள். ஜாக் தலை டிப்பில் மூன்று தொடுமுனைகள். எது எது என்று இணையத்துப் படத்தை நம்புவதைவிடக் கையில் இருப்பதை அளப்பதே மேல். டிப்பின் முன் ஒரு சென்டிமீட்டரை மட்டும் கொதிக்கும் நீரில் 30 நொடி வைத்து, மூன்று ஜோடிகளிலும் மில்லி வோல்ட் பாருங்கள். எந்த ஜோடியில் வருகிறது, எந்தப் பக்கம் பிளஸ் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிளஸ்தான் உணர்வு ஊசிக்கு. இதைத் திருப்பிப் போட்டால் சூடு ஏற ஏறப் போர்டு "இன்னும் குளிராக இருக்கிறதே" என்று நினைத்து முழுக் கரண்டும் விடும்.

அந்தக் கொதிநீரே அளவுகோலும் ஆகும். கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயராத நம் ஊர்களில் கொதிநீர் 100 டிகிரி, அறை 30. வந்த மில்லி வோல்ட்டை 70-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு என்று தெரியும். 0.01 மில்லி வோல்ட் காட்டும் மீட்டர் வேண்டும். 0.1 மட்டும் காட்டுவதில் 1.4-ஐ அளந்தால் 7 சதவீதம் வரை பிழை. புதிய டிப்பின் உணர்வு டி12-ஐவிட 30 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் திரை 350 காட்டும்போது டிப் 480-ஐத் தாண்டியிருக்கும். போர்டின் செம்புப் பேட் உரிந்து வருவதும் டிப் கறுத்துப்போவதும் இதனால்தான். போர்டின் மெனுவில் டிப் வகைக்குத் தனிக் கணக்கு வைக்க முடிந்தால் இரண்டாவதாக ஒன்றைச் சேமியுங்கள்.

போர்டின் ஆம்ப்ளிஃபையர் எல்எம்358 என்றால் அதை முதலில் மாற்றுங்கள். அதன் ஆஃப்செட் (தானே சேர்க்கும் தவறான வோல்டேஜ்) சாதாரணமாகவே 2 மில்லி வோல்ட், அதாவது 100 டிகிரி. ஓபிஏ333-ல் 10 மைக்ரோ வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் அதற்கு 5.5 வோல்ட்டுக்கு மேல் சப்ளை ஆகாது. சில போர்டுகளில் ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட்டில் ஓடும், அங்கே வைத்தால் அந்த நிமிடமே போய்விடும்.

விளக்கை வைத்துச் சோதனை

முதல் முறை கரண்டு கொடுக்கும்போது டிப்பை மாட்ட வேண்டாம். மோட்டார் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 35 வாட் முகப்பு பல்பை டிப் இருக்கும் இடத்தில் இணையுங்கள், 12 வோல்ட் பிளக்கோடு. உணர்வுக் கம்பியை மைனஸில் தொடுத்து வையுங்கள். போர்டுக்கு அது அறைச்சூட்டில் உள்ள டிப். முழுக் கரண்டு விடும், பல்பு சிறு துடிப்போடு நன்றாக எரியும். மங்கலாக எரிந்து மாஸ்ஃபெட் சுட்டால் கேட் வோல்டேஜ் போதவில்லை. சூட்டை முழுதும் நிறுத்தும் தூக்க நிலைக்கு ஸ்டேஷனை அனுப்பியும் எரிந்துகொண்டே இருந்தால் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கலாம். கண் கூசுகிற வெள்ளையாக எரிந்தால் 24 வோல்ட் வந்திருக்கிறது, உடனே பிடுங்குங்கள். பல்பு போனால் போகட்டும், டிப் தப்பித்தது.

அடுத்து மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம், 47 ஓம் வைத்து 7 மில்லி வோல்ட் செய்து உணர்வு ஊசியில் கொடுங்கள். திரையில் வரும் எண் உங்கள் கொதிநீர்க் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும்.

டிப்பை மாட்டியபின் கடைசிச் சரிபார்ப்புக்கு ஈயமே போதும். 63-37 ஈயக்கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகும். ஈயம் கலக்காத 99.3 சதவீத வெள்ளீயக் கம்பி 227-ல். டிப்பை 170-லிருந்து 2 டிகிரி 2 டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 20 நொடி நின்று மெல்லிய கம்பியால் தொட்டுப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் ஒத்துவந்தால் 350-ம் நம்பலாம். தகரக் கூரைக் கடையில் மதியம் 2 மணிக்கு 36 டிகிரி, காலையில் 25. என்டிசி கைப்பிடிக்குள் இல்லாவிட்டால் இந்த 11 டிகிரியும் டிப்பில் தெரியும்.

எர்த் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு ஊசி பிளக்கை மூன்று ஓட்டை சாக்கெட்டில் பேனா முனையால் மூடியைத் தள்ளிச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஸ்டேஷனுக்கு அது ஆகவே ஆகாது. சுவிட்சிங் சப்ளையின் ஒய் கெப்பாசிட்டர் வழியாக, எர்த் இல்லாத டிப்பில் 100 வோல்ட்டுக்கு மேல் கசிவு மின்சாரம் நிற்கும். கையில் சுருக்கென்று கடிக்கும், ஆட்டோகேட் போர்டின் மைக்ரோகண்ட்ரோலரைச் சத்தமில்லாமல் கொல்லும். பிளக்கின் நீள ஊசியிலிருந்து டிப் முனை வரை அளந்தால் 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றி 3 ஆம்பியர் போடுங்கள்.

மருந்துப் பம்பு பேட்டரியில்

12 வோல்ட் டிப்புக்குத் தோட்டப்புறத்தில் தனி மதிப்பு உண்டு. புயல் மழையில் கரண்டு போனாலும், கேட் கம்பத்தின் அடியில் நின்று வேலை செய்தாலும், முதுகில் மாட்டும் மருந்துப் பம்பின் 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி பேட்டரி போதும். எம்பிஆர்2045சிடி என்ற இரட்டை ஷாட்கி டையோடு ஒன்று வாங்குங்கள். ஒரு காலில் பக் மாட்யூல், மறு காலில் பேட்டரி, நடுக்காலிலிருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ரிலேயின் 12 வோல்ட் பக்கத்துக்கும் கண்ட்ரோல் போர்டுக்கும். பேட்டரி கம்பியிலும் பேட்டரிக்கு அருகே தனி ஃபியூஸ் வையுங்கள். டையோடு அரை வோல்ட் தின்னும் என்பதால் மாட்யூலில் 390 ஓமுக்குப் பதில் 820 ஓம் போட்டால் 12.5 வரும். டையோடுக்குச் சிறிய ஹீட்சிங்க் தேவை, சுமார் 2.4 வாட். உங்கள் கண்ட்ரோல் போர்டு 12 வோல்ட்டிலும் ஓடும் வகையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சராசரியாக 15 வாட் இழுத்தாலும் 1.25 ஆம்பியர்தான். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் 3 மணி நேரம் வேலை செய்யலாம். சார்ஜரை மாட்டியபடி மட்டும் ஸ்டேஷனோடு இணைக்காதீர்கள். சார்ஜாகும் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், டிவிஎஸ் கடத்தத் தொடங்கும் அளவுக்கு அது மிக அருகே.